பிடித்தானா, விட்டானா?



பங்குத் தந்தை ஒருவர் செய்யக்கூடாத வேலைகள் இவையிவை என்று எவரேனும் பட்டியல் எழுத முற்பட்டால், கிரிக்கெட் ஆட்டத்தில் நடுவராக நிற்பதை அதில் முதலாவதாகச் சேர்க்கும்படி நான் பணிவோடு கேட்டுக்கொள்வேன். திருமண ஓலை வாசிக்கலாம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நடுவே அமரலாம். கல்லறைத் தோட்டத்து வேலித் தகராறில்கூடத் தலையிட்டுத் தப்பித்து வரலாம். வெள்ளைத் தொப்பி அணிந்துகொண்டு மூன்று குச்சிகளின் பின்னால் நின்றவன் மட்டும் தப்பமுடியாது. இதை நான் பட்டறிந்து எழுதுகிறேன்.

நம் கும்மிடிப்பூண்டிப் பகுதியைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். சென்னையிலிருந்து வடக்கே புறப்படும் மின்தொடர் வண்டிகளில் பல இங்கே வந்து நின்றுவிடும். இன்னும் சிறிது தொலைவு சென்றால் ஆரம்பாக்கம், அதற்கப்பால் ஆந்திரம். சிப்காட் தொழிற்பேட்டையின் உலைகளும் இரும்பு உருட்டாலைகளும் இரவு பகல் பாராமல் இயங்குவதால், மக்களின் உறக்கமும் உணவும் ஷிப்டுக்கு ஏற்பவே அமைந்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கிற குடும்பங்களோடு, தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தோரும், தெலுங்கு பேசுவோரும், வடநாட்டுத் தொழிலாளரும் ஒரே தேநீர்க் கடையில் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்தால் இளைஞர் பலருக்கும் பொதுவானது ஒன்றுதான்: தொழிற்பேட்டைச் சாலையோரத்துப் பொட்டலும், டென்னிஸ் பந்தும்.

சென்ற பொங்கல் விடுமுறையில் பங்கு இளைஞர்கள் எட்டு அணிகளைச் சேர்த்துக் கோப்பைப் போட்டி ஒன்று நடத்தினார்கள். இறுதியாட்டத்திற்குக் கோயில் தெரு அணியும், ஆலைகளில் ஒப்பந்த வேலை பார்க்கும் பிள்ளைகளின் அணியும் வந்து சேர்ந்தன. பின்னதை ஊரார் ‘ஷிப்டு அணி’ என்பார்கள்; பதினொரு பேரும் ஒரே வேளையில் ஓய்வாக இருப்பதே அபூர்வம் என்பதால் வந்த பெயர். “ஃபாதர் நின்றால் யாரும் சண்டை போட மாட்டார்கள்” என்று சொல்லி என்னை நடுவராக்கினார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பலித்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கடைசி ஓவர். கோயில் தெரு அணிக்கு ஐந்து ஓட்டங்கள் தேவை. கையில் ஒரே விக்கெட். இரண்டாவது பந்தை மட்டையாளர் உயரத் தூக்கி அடித்தார். சீமைக்கருவேல் மரங்களின் பக்கமாக நின்றிருந்த ஷிப்டு அணித் தம்பி ஒருவன், பந்தையே அண்ணாந்து பார்த்தபடி ஓடி வந்து, இரு கைகளாலும் அதைப் பற்றி, இரண்டு மூன்று அடி தடுமாறி ஓடி, வெற்றிக் களிப்பில் பந்தைத் தலைக்கு மேல் எறிந்தான். நான் விரலை உயர்த்தினேன். ஷிப்டு அணி ஆடத் தொடங்கிவிட்டது.

அடுத்த நொடியிலேயே மறுபக்கமிருந்து கூச்சல் எழுந்தது. “பந்து நிக்கல ஃபாதர்! கையை விட்டுப் போனதைத்தான் அவன் எறியிற மாதிரி காட்டுறான்!” மட்டையாளரின் மைத்துனர் கைபேசியை நீட்டிக்கொண்டு மைதானத்திற்குள் ஓடி வந்தார். அதில் அவர் எடுத்த காட்சியை நான் பார்த்தேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. துண்டால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்; ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்தேன். மட்டையாளரைக் கேட்டேன். இரு அணித் தலைவர்களையும் கேட்டேன். பத்து நிமிடங்களுக்கு மேல் கடந்துவிட்டன. பையனின் உடல் நிலைகொள்வதற்கு முன்பே பந்து விரல்களை விட்டு விலகத் தொடங்கியதாக எனக்குத் தோன்றியது. தீர்ப்பை மாற்றினேன். ‘அவுட் இல்லை’ என்று சொன்னதோடு நில்லாமல், அந்தப் பந்தை மீண்டும் வீசவும் சொன்னேன். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத தீர்ப்பு அது. பொட்டல் வழக்கம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அடுத்த இரண்டு பந்துகளில் ஆட்டம் முடிந்தது. கோயில் தெரு வென்றது.

பிறகு நடந்த கூச்சலை விவரிக்கப்போவதில்லை. என்னை உறுத்திய சொல் ஒன்று மட்டும் உண்டு. ஷிப்டு அணியில் ஒருவர் கோபமே இல்லாமல், வழக்கு ஒன்றின் விவரத்தை வாசிப்பவர் போலச் சொன்னார்: “ஃபாதர், கையைத் தூக்கினதும் நீங்கதான், எறக்கினதும் நீங்கதான்.”

அன்று இரவு உறக்கம் வராததால் கிரிக்கெட் சட்டங்களைத் தேடி எடுத்து வாசித்தேன். குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்ற காலத்தில்கூட அவ்வளவு ஊன்றி வாசித்ததாக நினைவில்லை. பிடியைப் பற்றிச் சட்டத்தின் 33ஆம் பிரிவு கூறுவது இது: பந்து முதன்முதலில் தடுப்பாளரின் உடலில் படும்போது பிடி தொடங்குகிறது, பந்தின் மீதும் தம் சொந்த அசைவின் மீதும் அவர் முழுக் கட்டுப்பாட்டை அடையும்போது முடிகிறது. ஆகவே கையில் பந்து இருந்தால் மட்டும் போதாது. பிடித்தவர் தம்மையும் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். அந்த முழுக் கட்டுப்பாடு எந்தக் கணத்தில் வந்து சேர்ந்தது என்று யார் சொல்வது? சட்டம் அதை நடுவரின் கண்ணுக்கு விட்டுவிடுகிறது.

நம் பொட்டலில் நடந்ததே உலகறிய ஒருமுறை நடந்திருக்கிறது. 1999 ஜூன் 13, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஹெடிங்லி மைதானம். உலகக் கோப்பைப் போட்டியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் மோதின. ஸ்டீவ் வாக் 56 ஓட்டங்களில் இருந்தபோது அடித்த எளிய பந்தை ஹெர்ஷல் கிப்ஸ் பிடித்தார். பிடித்த வேகத்திலேயே மகிழ்ச்சியோடு மேலே எறிய முயன்றார். பந்து கையை விட்டு நழுவிக் கீழே விழுந்தது. நடுவர்கள் அதைப் பிடி என்று ஏற்கவில்லை. வாக் 120 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்று, தம் அணியை வெற்றிபெறச் செய்தார். நான்கு நாட்களுக்குப் பின் இதே இரு அணிகளும் அரையிறுதியில் மோதி ஆட்டம் சமனில் முடிந்தபோது, ஹெடிங்லியின் வெற்றியும் கணக்கில் சேர்ந்ததால் ஆஸ்திரேலியா இறுதிக்குச் சென்று கோப்பையையும் வென்றது. கிப்ஸ் அரை நொடி பொறுத்திருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும் என்று இன்றுவரை பேசுகிறார்கள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், இந்தத் தகராறைக் கேள்விப்பட்டு எனக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கே ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்தில் இதைவிடப் பெரிய வழக்கு உண்டென்றார். (பெயர் கால்பந்து என்றாலும் கையால் எறிந்து, கையால் பிடித்து, ஓடி, இடித்து விழுத்தாட்டும் ஆட்டம் அது, முட்டை வடிவப் பந்து.) 2015 ஜனவரி 11 அன்று, கிரீன் பே நகரில் டல்லஸ் அணியின் டெஸ் பிரையன்ட், கடைசி வாய்ப்பாக எறியப்பட்ட பந்தை எதிராளியின் தலைக்கு மேலே துள்ளிப் பிடித்து, கோட்டை நோக்கிக் கையை நீட்டியபடியே விழுந்தார். களத்து நடுவர்கள் அதைப் பிடி என்றனர். எதிரணிப் பயிற்சியாளர் மறுஆய்வு கேட்டார். விழும்போது பந்து தரையில் பட்டு எகிறியது. தரையில் விழுகிறவர் விழுந்து முடியும்வரை பந்தை விடக்கூடாது என்ற விதி அப்போது இருந்தது. தீர்ப்பு மாற்றப்பட்டது. டல்லஸ் 21க்கு 26 என்ற கணக்கில் தோற்றது. பின்னர் மூன்று ஆண்டுகள் அந்த நாட்டில் ‘பிடி என்றால் என்ன?’ என்று படித்தவரும் பாமரரும் விவாதித்தார்கள். 2018 மார்ச்சில் அந்த விதியே திருத்தப்பட்டது. புதிய விதியின் கீழ் அது பிடிதான் என்று திருத்தம் செய்த குழுவினரே கூறினர். ஆனால் பழைய ஆட்டத்தின் முடிவை யாரும் திருத்தவில்லை, திருத்தவும் முடியாது.

இதைக் கேட்டபோது எனக்குச் சற்று ஆறுதலாயிருந்தது. ஒளிப்படக் கருவிகள் சூழ நின்று பார்க்கிற பெருங்களத்திலேயே இப்படியானால், துண்டின் நிழலில் கைபேசியைப் பார்த்த நான் எம்மாத்திரம்? ஆனால் அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

தீர்ப்பை மாற்றுவதே இழிவு என்று சிலர் கருதுகிறார்கள். நம் குடும்பங்களில் தகப்பன்மார் பலருக்கு இந்த எண்ணம் உண்டு. சொன்னது சொன்னதுதான், மாற்றினால் பிள்ளைகள் மதிக்கமாட்டார்கள் என்பார்கள். கிரிக்கெட் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நடுவர் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் உடனடியாக மாற்றவேண்டும் என்கிறது. இன்னொரு வழியையும் அது திறந்து வைத்திருக்கிறது: அடுத்த பந்து ஆட்டத்திற்கு வருவதற்கு முன், முறையீடு செய்த அணியின் தலைவரே நடுவரின் இசைவோடு அதைத் திரும்பப் பெறலாம், அப்போது நடுவர் தம் தீர்ப்பை நீக்கி மட்டையாளரைத் திரும்ப அழைக்கவேண்டும்.

இந்த இரண்டாவது வழியில் நடந்து காட்டியவர் நம் நாட்டவர். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவையொட்டி 1980 பிப்ரவரியில் பம்பாய் வான்கடே மைதானத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஒரே ஒரு டெஸ்ட் ஆடின. (பிப்ரவரி 16 அன்று முழுச் சூரிய கிரகணம் வந்ததால், அந்த நாளையே ஓய்வு நாளாக்கினார்கள். நம் வீட்டு மூதாட்டிகளின் சொல்லுக்குக் கிரிக்கெட் வாரியமும் கட்டுப்பட்ட காலம்!) இந்திய அணியின் தலைவர் குண்டப்பா விசுவநாத். இந்தியா 242 ஓட்டங்கள் எடுத்திருந்தது. இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து திணறியபோது, இயான் போத்தமும் விக்கெட் காப்பாளர் பாப் டெய்லரும் சேர்ந்தனர். கபில்தேவ் வீசிய பந்தில் டெய்லர் விக்கெட் காப்பாளரிடம் பிடிகொடுத்ததாக முறையீடு எழுந்தது. நடுவர் அனுமந்த ராவ் விரலை உயர்த்தினார். டெய்லர் தயங்கி நின்றார். ஸ்லிப்பில் நின்றிருந்த விசுவநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று தெரிந்திருந்தது. அவர் நடுவரிடம் சென்று முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். டெய்லர் மீண்டும் ஆடினார். அவரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தார்கள். போத்தம் 114 ஓட்டங்களும் 13 விக்கெட்டுகளும் எடுத்தார். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

தோற்றதற்கு அந்த ஒரு செயல்தான் காரணமா என்றால், இல்லை. போத்தம் அன்று எவராலும் அடக்கமுடியாதவராயிருந்தார். ஆனால் அணி இக்கட்டில் இருக்கும்போது தமக்குச் சாதகமான தீர்ப்பைத் தாமே மறுப்பதற்குத் தலைவர் ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, சொந்த மாமனாரிடம் வரதட்சிணைப் பாக்கியை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர்களே அறிவார்கள். (அத்தகையவர் நம் பங்கில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க எனக்கு ஆவல்.)

எல்லா வேளையிலும் ஒரு விசுவநாத் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் பிடித்தவரின் சொல்லையே நம்புவோம் என்று ஓர் உடன்பாடு செய்துகொண்டு பார்த்ததும் உண்டு. 2008 ஜனவரியில் சிட்னி நகரில் நடந்த டெஸ்டில், தாழ்வாக வரும் பந்தைப் பிடித்தேன் என்று தடுப்பாளர் சொன்னால் ஏற்பது என அனில் கும்ப்ளேயும் ரிக்கி பான்டிங்கும் தொடருக்கு முன்பே பேசிவைத்திருந்தார்கள். கடைசி நாளில் சவுரவ் கங்குலி அடித்த பந்தை மைக்கேல் கிளார்க் தரையையொட்டிப் பிடித்தார். நடுவர் மார்க் பென்சன் பான்டிங்கைக் கேட்டார். பான்டிங் விரலை உயர்த்திக் காட்டினார். கங்குலி வெளியேற நேர்ந்தது. பந்து தரையில் பட்டதா இல்லையா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. இதே கிளார்க் அதே ஆட்டத்தில் ஸ்லிப்பில் தெளிவாகப் பிடிகொடுத்துவிட்டு, நடுவரின் தீர்ப்புக்காக நகராமல் நின்றிருந்தார். மட்டையாளராக இருக்கும்போது தம் உணர்வை மறைத்து நின்றவர், தடுப்பாளராகும்போது தம் சொல்லை நம்பச் சொன்னால் எதிரணி எப்படி ஏற்கும்? அந்த ஆட்டத்தோடு உடன்பாடும் முறிந்தது. ஒரே ஓர் அணிதான் ஆட்டத்தின் மாண்போடு ஆடியது என்ற பொருளில் கும்ப்ளே சொன்ன சொல் உலகெங்கும் எதிரொலித்தது. சொல்லை நம்பும் ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அதற்கு முன்பே நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். வீடு கட்டிய பிறகு அடித்தளம் போடமுடியாது.

அப்படியானால் கருவியை நம்புவோமா? அதிலும் சிக்கல் இருக்கிறது. தொலைவிலிருந்து எடுக்கப்படும் படம் தூரத்தைச் சுருக்கிக் காட்டும். விரல்கள் பந்துக்குக் கீழே இருந்தாலும் பந்து புல்லில் கிடப்பதுபோல் தோன்றும். இந்தக் குறையை அறிந்துதான், மூன்றாம் நடுவரிடம் அனுப்பும் முன் களத்து நடுவர் தம் எண்ணத்தை அறிவிக்கவேண்டும் என்ற முறையைச் சில ஆண்டுகள் வைத்திருந்தார்கள். அதுவும் குழப்பத்தையே வளர்க்கிறது என்று 2023 ஜூனில் கைவிட்டார்கள். கைவிட்ட சில நாட்களிலேயே, லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த உலக டெஸ்ட் இறுதியாட்டத்தில் சுப்மன் கில் அடித்த பந்தைக் கேமரூன் கிரீன் ஒரு கையால் தரையருகே பிடித்தார். மூன்றாம் நடுவர் பலமுறை பார்த்துவிட்டு அவுட் என்றார். பந்து புல்லில் பட்டதாகக் கருதிய கில், அந்தக் காட்சியைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். அதற்காக ஆட்ட ஊதியத்தில் 15 சதவீதம் தண்டம் விதிக்கப்பட்டது. ஒரே படம், நடுவருக்கு ஒன்றைக் காட்டியது, கில்லுக்கு வேறொன்றைக் காட்டியது.

நான் பூந்தமல்லி குருமடத்தில் பயின்ற காலத்து நிகழ்ச்சி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1999 ஜனவரி 31, ஞாயிறு. சேப்பாக்கத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய டெஸ்டின் நான்காம் நாள். இந்தியாவுக்கு 271 ஓட்டங்கள் இலக்கு. பொழுதுபோக்கு அறையில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நாங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். சக்லைன் முஷ்டாக் வீசிய பந்தைக் கங்குலி ஓங்கி அடிக்க, அது அருகே நின்ற தடுப்பாளரின் மேல் பட்டுத் தெறித்து, விக்கெட் காப்பாளர் மொயின் கானின் கையில் சேர்ந்தது. அவுட் என்று தீர்ப்பு வந்தது. மறுஒளிபரப்பைப் பார்த்த எங்களுக்குப் பந்து இடையில் தரையில் பட்டதாகவே தோன்றியது. எங்களுக்கு இறையியல் கற்பித்த முதிய குரு ஒருவரே எழுந்து நின்று கத்தினார் என்றால் மற்றவரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அப்போது ஐந்து விக்கெட்டுக்கு 82. பின்னர் முதுகுவலியோடு டெண்டுல்கர் ஆடி 136 ஓட்டங்கள் எடுத்தார். அவர் வெளியேறியபோது தேவைப்பட்டது பதினேழே ஓட்டங்கள். மீதியிருந்த மூன்று விக்கெட்டுகளும் நான்கு ஓட்டங்களுக்குள் சரிந்தன. பன்னிரண்டு ஓட்டங்களில் தோல்வி.

அந்தக் கங்குலி பிடியைக் காரணம் காட்டி அன்று சேப்பாக்கம் தீப்பற்றி எரிந்திருக்கலாம். அந்தப் பாகிஸ்தான் அணி இந்தியாவுக்கு வருவதையே எதிர்த்துக் கலகம் நடந்த காலம் அது. சென்னை மக்கள் சிறிது நேரம் வாயடைத்து நின்றுவிட்டு, எழுந்து நின்று கைதட்டினார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தப் பாராட்டை ஏற்றார்கள். குருமடத்தில் கத்திக்கொண்டிருந்த நாங்கள் அதைப் பார்த்ததும் வெட்கப்பட்டு அடங்கிப்போனோம்.

பொட்டல் தகராறு ஓய்ந்துவிடும் என்று நானும் அதையே நினைத்துச் சும்மா இருந்தேன். சேப்பாக்கத்தார் பொறுத்ததைப்போல ஷிப்டு அணியும் பொறுத்துக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம். மூன்று ஞாயிறுகள் ஆயின. பிடித்த பையன் கோயிலுக்கு வரவில்லை, ஆட்டத்திற்கும் வரவில்லை. நான்காம் வாரம் அவன் தாயார் என்னை வழியில் கண்டு, “சாமி, ஒரு நடை வந்துட்டுப் போங்க. பையன் சரியாவே பேசறதில்ல” என்றார்.

போனேன். இரவு ஷிப்டு முடிந்து வந்தவன், உறங்கி எழுந்து, வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். அவசரமாக வாய் கொப்பளித்துவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டான். விளையாட்டுத்தானே, அதற்கா இவ்வளவு வருத்தம் என்று நான் தொடங்கினேன். அவன் மறுமொழி சொல்லாமல் வலக்கையை விரித்துக் காட்டினான். உருட்டாலையில் சூட்டோடு பழகிய விரல்கள். நுனித் தோல் தடித்து, ரேகை தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. வாயிலில் வருகையைப் பதிவு செய்யும் இயந்திரம் இந்த விரலைப் பல நாள் ஏற்பதில்லையாம். நேரத்திற்கு வந்து நின்றாலும், இயந்திரம் ஏற்கும்வரை தேய்த்துத் தேய்த்து வைக்கவேண்டும். டிசம்பரில் அப்படியே இரண்டு அரைநாள் கூலி பிடித்துவிட்டார்கள். நேரத்திற்கு வந்தேன் என்று அவன் சொன்னதற்கு, மெஷின் பொய் சொல்லாது என்று பதில் வந்ததாம்.

“அது வேலை, ஃபாதர். அங்க அப்படித்தான். ஆனா கிரவுண்டுல நீங்க நின்னீங்க. போனைக் கேட்டீங்க, அடிச்சவனைக் கேட்டீங்க, ரெண்டு கேப்டனையும் கேட்டீங்க. பிடிச்சவன் நான். என்னை ஒரு வார்த்தை கேக்கல.”

நான் சிறிது நேரம் பேசவில்லை. தீர்ப்பை மாற்றியது சரியா தவறா என்று சட்டப் புத்தகத்தையும் பம்பாயையும் சிட்னியையும் சுற்றி வந்த என் கண்ணுக்கு, பதினைந்து அடி தூரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்த இந்தப் பையன் ஏன் படவில்லை? அவன் அணித் தலைவரைக் கேட்டதே போதும் என்று நினைத்தேன் போலும். அல்லது, பிடித்தவன் தனக்குச் சாதகமாகத்தானே சொல்வான் என்று கேட்காமலேயே முடிவு கட்டிவிட்டேன். இந்த இரண்டாவதுதான் உண்மை என்று எனக்குத் தெரியும்.

“இப்போது கேட்கிறேன், தம்பி. பந்து உன் கையில் நின்றதா?”

அவன் உடனே விடை சொல்லவில்லை. அந்த ஓட்டத்தை மனத்துக்குள் மறுபடி ஓடிப் பார்ப்பவன்போலக் கருவேல மரங்கள் இருந்த திசையைப் பார்த்தான். “நின்னுச்சுன்னுதான் நெனச்சேன் ஃபாதர். சந்தோஷத்துல தூக்கிப் போட்டேன். ஆனா, தூக்கிப் போட்டேனா, அதுவா போச்சான்னு இப்ப யோசிச்சா… சத்தியமா எனக்கே தெரியல.”

அன்று மைதானத்தில் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பாயா என்றேன். “தெரியல. ஆனா எங்க ஆளுங்க என்னைத் தின்னுருப்பாங்க” என்று சிரித்தான். நான்கு வாரத்தில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று தாயார் பின்னால் சொன்னார்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் இரு அணிகளையும் கோயில் முற்றத்தில் நிறுத்தி, நான் செய்த பிழைகளைச் சொன்னேன். காலம் கடந்து தீர்ப்பை மாற்றியது ஒன்று. இல்லாத விதியின்படி பந்தை மீண்டும் வீசச் செய்தது மற்றொன்று. பிடித்தவனைக் கேட்காதது மூன்றாவது. முதல் இரண்டையும் கேட்டு அவர்கள் தலையாட்டினார்கள். மூன்றாவதைச் சொன்னபோது ஷிப்டு அணியினர் தரையைப் பார்த்தார்கள். ஆட்டத்தின் முடிவை நான் மாற்றவில்லை. ஒருமுறை மாற்றிப் பட்டது போதும். மேலும், அந்தப் பந்து உண்மையில் பிடிக்கப்பட்டதா என்பது எனக்கு இன்றும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. கைபேசிக்கும் தெரியாது என்றே இப்போது நினைக்கிறேன்.

வாயில் இயந்திரத்தின் விஷயமாகவும் ஒரு முயற்சி நடக்கிறது. விரல்ரேகை தேய்ந்தவர்களுக்குப் பதிவேட்டில் கையெழுத்திடும் வழி வேண்டும் என்று பையன்கள் பதினான்கு பேர் மனு எழுதியிருக்கிறார்கள். தமிழ் நடையைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார்கள்; திருத்திக் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை.

கோப்பை என் அறையில் அலமாரியின் மேல் இருக்கிறது. எடுத்துப் போகச் சொல்லிக் கோயில் தெரு அணித் தலைவருக்கு இருமுறை ஆள் அனுப்பினேன். அந்தப் பையனும் வந்து நிற்கிற நாளில் வாங்கிக்கொள்கிறோம், ஃபாதர் என்கிறார். பையனுக்கோ இந்த மாதம் முழுவதும் இரவு ஷிப்டு.